மூன்று நாள் பத்தியம்

எங்கள் வீட்டில் இரத்தப் பரிசோதனை என்பது ஒரு பரீட்சை. அதற்குத் தயாராக வேண்டும். கிளினிக்குக்கு முந்திய மூன்று நாள் மாத்திரம் வாயைக் கட்டினால் போதும், பாஸ் பண்ணிவிடலாம் என்பது அம்மாவின் கட்சி. பல வருடம் அவர் பாஸ் பண்ணியும் காட்டினார். அதனால் நானும் அதைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை.

அம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு என்று கண்டுபிடித்தது நாங்கள் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க்காக இருந்தார். நான் ஒரே மகள். என்னைப் படிப்பித்து ஆளாக்குவதைத் தவிர வேறு எதையும் அவர் தன் வேலையாக நினைக்கவில்லை. கந்தோரால் வந்ததும் வராததுமாக என்னை டியூஷனுக்கு இழுத்துக்கொண்டு போவார். வகுப்பு முடியும்வரை வாசலில் மற்ற அம்மாமாரோடு நின்று, இந்த முறை எது வரும், எது வராது என்று விசாரித்து வைத்துக்கொள்வார். வராதென்று தெரிந்த பாடத்தை நான் தொடவே கூடாது. பரீட்சை நாள் காலையில் ஒரு பெரிய கப் நிறையக் குளுக்கோஸ் கரைத்துத் தருவார். மூளைக்கு நல்லதாம். குடித்துவிட்டுப் போய் எழுதினேன், நல்ல பெறுபேறும் எடுத்தேன். இன்றைக்கு அந்தக் குளுக்கோஸை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அதே முறையைத்தான் தன் வருத்தத்துக்கும் கையாண்டார். நான் ஏ.எல். உயர்தர வகுப்புப் படிக்கும்போது நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்துவிட்டோம். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி வீடு. அம்மாவின் டொக்டர் பக்கத்து ஒழுங்கையில் இருந்தார். வயதான, மெதுவாகக் கதைக்கும் மனிதர். அவர் பார்ப்பது ஒன்றே ஒன்று, காலையில் வெறும் வயிற்றில் எடுத்த சீனி அளவு. அது சரியாக இருந்தால் "வெரி குட்" என்பார். அம்மாவுக்கும் அந்த வெரி குட்தான் தேவை. வீட்டுக்கு வந்து லிஃப்டில் சந்திக்கிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார்.

அந்த மூன்று நாளும் எங்கள் வீடு வேறு வீடாகிவிடும். காலையில் பாகற்காய்ச் சாறு. மத்தியானம் ஒரு அகப்பைச் சிவப்பரிசிச் சோறு, மற்றதெல்லாம் இலைவகை: வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை. சிங்கள ஆட்கள் சீனி வருத்தத்துக்குச் சாப்பிடுகிற தெபு இலையைக்கூடச் சந்தையில் தேடி வாங்கி அரிந்து சம்பல் போடுவார். இரவு குரக்கன் புட்டு. பின்னேரம் மரீன் டிரைவில் தெஹிவளைப் பக்கமாக வேக நடை. சீனிப் போத்தல் அலுமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிடும்.

மற்ற நாட்களில் அது மேசையில்தான் இருந்தது. அதைக்கூட விடலாம். டொக்டர் சீனி போடாமல் தேத்தண்ணி குடிக்கச் சொன்னார் என்று, அம்மா சீனி போடாமல்தான் குடித்தார். ஆனால் உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி இருக்கும். ஒரு கடி, ஒரு மிடறு. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற யாராவது ஒருவர் கையில் ஒரு ஓலைக் குட்டான் பனங்கட்டி எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. "இது சீனி இல்லைப் பிள்ளை, பனையிலை இருந்து வாறது" என்பார். சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சமும் கள்ளம் இருக்காது. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

நான் இருபத்து மூன்று வயதில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தேன். நாள் முழுக்க இருந்த இடத்திலேயே இருக்கிற வேலை. இரண்டாம் வருடத்தில் உடம்பு என் சொல்லைக் கேட்காமல் போனது. சாப்பிட்ட கை காயுமுன் பசித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை. மேலதிகாரி ஒருநாள் சிங்களத்தில், இரவில் இன்னொரு வேலைக்குப் போகிறாயா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிடரியில் ஒரு கறுப்புப் பட்டை விழுந்தது. அம்மா அதை ஊத்தை என்று முடிவுகட்டி, பயற்றமாவும் தேசிக்காய்ப் புளியும் போட்டுத் தோல் எரியும்வரை தேய்த்தார். நாடியில் முடி முளைத்தது. மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தள்ளித் தள்ளிப் போய் ஒரேயடியாக நின்றது.

அம்மா கந்தோர் ஏசியைக் குற்றம் சொன்னார். பிறகு கடைச்சாப்பாட்டை. பிறகு, நான் கல்யாணம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். கல்யாணத்துக்குப் பிறகு சரியாகிறதுக்கு இது என்ன ஜாதகமா என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

கடைசியில் ஒரு பெண் டொக்டரிடம் போனோம். வெள்ளவத்தையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் அம்மா. என் கழுத்தைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். சீனிக்கு மட்டுமில்லாமல் இன்சுலினுக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். சீனி சரியாக இருந்தது. இன்சுலின் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது.

"மகள், ஒங்களுக்கு சீனி இன்னம் வரல்ல" என்றார். "ஆனா அத வராம வச்சிக்க ஒடம்பு படுற பாடு ஈக்கிதே, அது கூடிப் போய் ஈக்கிது."

எனக்கு விளங்கவில்லை. அவர் யன்னல் பக்கம் கையைக் காட்டினார். கீழே காலி வீதியில் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்து இரைச்சல்.

"இந்த ஹோன் சத்தம் ஒங்களுக்கு கேக்குதா?"

"பழகிப் போச்சு டொக்டர்."

"அதுதான். இன்சுலின் ஹோன் அடிக்கிது, சீனிய உள்ளுக்கு எடு எண்டு. ஒடம்புக்கு அந்தச் சத்தம் பழகிப் போச்சு, அசையிதில்ல. அதனால இன்னம் பலமா அடிக்கிது. இப்போதக்கி பலமா அடிச்சாவது காரியம் நடக்கிது. ஒரு நாளைக்கி அடிக்கிற ஆளே களைச்சிப் போவான். அண்டக்கித்தான் சீனி வருத்தம்."

வயிற்றுக்குள் இன்சுலினைச் சுரக்கிற சதையி என்று ஒன்று இருப்பதைப் பள்ளிக்கூடத்தில் படம் கீறிப் பெயர் குறித்ததோடு நான் மறந்துவிட்டேன். அது இத்தனை வருடமாக எனக்காக ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. நித்திரையும் பசியும் கறுப்பும் முடியும் வராத மாதவிலக்கும் எல்லாம் ஒரே வேரில் இருந்து வந்தவை என்று அவர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நான் சோம்பேறி இல்லை, ஊத்தையும் இல்லை. பயம் பிறகுதான் வந்தது.

"இது திரும்பிப் போற பாதை உள்ள எடம்" என்றார் டொக்டர். "சாப்பாடு, நடை, மருந்து. ஒரு நாள் ரெண்டு நாளைக்கில்ல. எப்பவும்." மெட்ஃபோமின் குளிசை எழுதித் தந்தார்.

ஓட்டோவில் வரும்போது அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "சீனி இல்லையெண்டு சொல்லிட்டா தானே. பிறகென்ன?" என்றார். கொஞ்சத் தூரம் போன பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதை ஒருத்தருக்கும் சொல்லிக்கொண்டு திரியாதை. கல்யாணப் பேச்சுக்கால் வாற வயசு."

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் ஒரு வருத்தத்தோடு இருப்பது எப்படி என்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவும் இல்லை. குளிசை போட்ட முதல் கிழமைகளில் வயிற்றால் அடித்து, கந்தோர் கழிவறையே கதியென்று கிடந்தேன். பக்கத்து மேசைப் பெண் நான் பிள்ளைத்தாய்ச்சியோ என்ற மாதிரிப் பார்த்தாள். பிறந்தநாள் என்றால் கந்தோரில் ரிப்பன் கேக் வெட்டுவார்கள். வேண்டாம் என்றால் "டயட்டா, டயட்டா" என்று கிண்டல். தின்றால், இவ்வளவு உடம்போடு இது தேவையா என்கிற ஒரு பார்வை. மத்தியானப் பார்சலில் மலை மாதிரிச் சோறு, அதன் நடுவில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கீரை. பாதிச் சோற்றைக் கொட்டுவது பாவம் என்று சொல்லியே என்னை வளர்த்திருந்தார்கள். எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. தின்ன முடிந்தவர்கள் மேல், மெல்லியவர்கள் மேல், பிள்ளை வண்டிலைத் தள்ளிக்கொண்டு மரீன் டிரைவில் நடக்கிறவர்கள் மேல். மாதவிலக்கு வந்தால் ஒரு பயம், வராவிட்டால் இன்னொரு பயம். பிள்ளை பிறக்குமா என்று டொக்டரிடம் கேட்கத் துணிவில்லை. நடந்தேன்தான். மழை பெய்தால் நின்றேன், வேலை கூடினால் நின்றேன், மனம் சரியில்லாவிட்டால் நின்றேன். மனம் சரியில்லாத நாட்கள்தான் அதிகமாக இருந்தன.

மூன்று மாதத்துக்கொரு தரம் டொக்டரிடம் போக வேண்டும். அங்கேதான் அம்மா கை கொடுத்தார்.

"எண்டைக்குப் பிள்ளை உன்ரை ரெஸ்ட்?"

"வாற சனி."

"அப்ப புதனிலை இருந்து துவங்குவம்."

தன்னுடைய பரிசோதனையையும் அதே நாளுக்கு வைத்துக்கொண்டார். தன் டொக்டருக்குக் காட்ட அவருக்கு, என் டொக்டருக்குக் காட்ட எனக்கு. புதன் காலையில் இரண்டு கப்பில் பாகற்காய்ச் சாறு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, மூக்கைப் பொத்திக் குடிப்போம். பின்னேரம் நான் கந்தோரால் வருமுன் அவர் சப்பாத்துப் போட்டு ஆயத்தமாக நிற்பார். நடக்கும்போது கதைப்பார். வேறு நாட்களில் அம்மாவும் நானும் சாப்பிட்டாயா, கதவைப் பூட்டினாயா என்பதற்கு மேல் கதைப்பதில்லை. அந்த மூன்று பின்னேரங்களில் மட்டும் அப்பாவைப் பற்றிக் கதைப்பார். தமிழருக்கெதிரான கலவரத்துக்குப் பிறகு கோட்டைக்கு வேலைக்குப் போகப் பயந்த நாட்களைப் பற்றி, தனக்குப் பாட்டுப் படிக்க ஆசை இருந்ததைப் பற்றியெல்லாம். கடலைப் பார்த்தபடி நடக்கிறவர் திடீரென்று நின்று என் கையைப் பிடித்துத் தன் நாடித்துடிப்பில் வைப்பார். "பார், எவ்வளவு ஸ்பீட்." எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. எங்கள் இருவருக்கும் வாய்த்த நல்ல நாட்கள் அவைதான். அதனால்தான் அவை பொய் என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை லாப்பில் இரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சைக் கையில் அழுத்தியபடியே நேரே காலி வீதிச் சைவக் கடைக்குப் போவோம். மசாலாத் தோசை, உழுந்து வடை, பிறகு ஆளுக்கொரு பலூடா. ரோஸ் நிறத்தில் கட்டிப் பாலும் கசகசாவும் ஐஸ்கிரீமும் மிதக்கிற அந்த உயரக் கிளாசை அம்மா இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார். "முடிஞ்சுது தானே, இனி அடுத்த முறைக்குப் பாப்பம்" என்பார். சீனிப் போத்தல் அன்றைக்கே கீழிறங்கிவிடும்.

என் வெறும் வயிற்றுச் சீனி எப்போதும் சரியாகவே இருந்தது. நிறை மட்டும் குறையவில்லை. டொக்டர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். அதே குளிசையைத் திரும்ப எழுதித் தந்தார்.

அப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் போனது. பிறகு அம்மாவின் வயதான டொக்டர் கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு இருக்க அவுஸ்திரேலியாவுக்குப் போனார். அம்மா அரைமனதோடு என் டொக்டரிடம் வந்தார். இருவரும் ஒன்றாகவே உள்ளே போனோம். டொக்டர் அம்மாவின் பழைய தாள்களையெல்லாம் புரட்டினார். எல்லாம் நல்ல பிள்ளைத் தாள்கள்.

"ரெண்டு பேருக்கும் இந்த முறை மூண்டு மாசச் சீனி பாப்பம்" என்றார்.

அம்மா கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார். "அதுக்கு எத்தினை நாளைக்கு முன்னம் இருந்து டொக்டர் பத்தியம் இருக்க வேணும்?"

டொக்டர் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடக் கதையும் அந்த ஒரு கேள்வியில் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். பிறகு, இந்தப் பரிசோதனைக்குப் பத்தியம் எதுவும் இல்லை, சாப்பிட்டுவிட்டே வரலாம் என்றார். சீனி இரத்தச் சிவப்பணுக்களில் போய் ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் போகாது, கடந்த மூன்று மாதம் வாய் செய்ததையெல்லாம் அது சொல்லிவிடும் என்றார்.

"மூண்டு மாசத்துக்கு என்னெண்டு டொக்டர்…" என்று அம்மா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

என் எண் நல்ல பக்கத்தில் இருந்தது. அம்மாவின் எண்ணும் வந்தது. அது எவ்வளவு என்று இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. டொக்டர் குரலை உயர்த்தவில்லை. "கண் எப்படி?" என்று மட்டும் கேட்டார்.

"கண்ணாடி பழசாப் போச்சு. மாத்த வேணும்."

அப்போதுதான் நான் கண்டும் காணாமல் விட்டவையெல்லாம் ஒன்றொன்றாக நினைவில் வந்தன. கறிக்கு இரண்டு முறை உப்புப் போட்டது. படியில் இறங்குமுன் காலால் துழாவியது. மேல்வீட்டு அம்மா லிஃப்டில் சிரித்தபோது யாரென்று தெரியாமல் விழித்தது. பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் நெடுநேரம் இருந்தது. நான் அவருக்கு எதிரேயே இருந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

களுபோவிலை ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்குக்குப் போனோம். கண்ணை விரிய வைக்கிற மருந்தை விட்டுவிட்டு நீள வாங்கில் இருத்தினார்கள். தாதி வந்து அம்மாவின் நாடியை நிமிர்த்தி, "அம்மே, உட பலன்ன" என்று மேலே பார்க்கச் சொன்னார். அம்மா நல்ல பிள்ளையாக மேலே பார்த்தார். வலது கண்ணுக்குள் இரத்தம் கசிந்து கனகாலமாம். இடது கண்ணிலும் துவங்கிவிட்டதாம். இனிப் போனதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது, இருப்பதைப் பிடித்து வைக்க லேசர் அடிக்கலாம் என்று இளம் டொக்டர் ஒருவர் சொன்னார். அம்மா தன் பழக்கத்தை விடாமல், "அதுக்கு நான் என்ன செய்ய வேணும்?" என்று கேட்டார். செய்வதற்கு ஒன்றும் இல்லை, அசையாமல் இருந்தால் போதும் என்றார்கள்.

அன்றைக்கு எனக்கு அம்மா மேல் வந்த கோபத்தை இன்னும் மறக்கவில்லை. கெட்டிக்காரி. ஊரில் உள்ள எல்லாப் பரீட்சையையும் வெல்ல வழி தெரிந்தவர். யாரை ஏமாற்றினார்? அந்த வயதான டொக்டருக்கா கண் போனது? இதை நான் வாய்விட்டே கேட்டேன், ஆஸ்பத்திரி வாசலில், ஓட்டோவுக்கு நிற்கும்போது. மருந்து விட்ட கண் கூசியதால் அம்மா சேலைத் தலைப்பை முகத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். "டொக்டர் நல்லமெண்டு சொன்னால் எனக்குப் பயம் போயிடும் பிள்ளை" என்றார். "உன்னைத் தனிய விட்டிட்டுப் போயிடுவனோ எண்ட பயம். அவர் நல்லமெண்டு சொன்னால் மூண்டு மாசத்துக்கு அது வராது." வந்த ஓட்டோவை நான் கையை நீட்டி மறித்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லா நாளும் பத்தியம். மூன்று நாள் என்றால் திருவிழா மாதிரி இருந்தது. தினமும் என்றால் அது வெறும் வேலை. நான் கந்தோரால் வந்து இலை அரிய வேண்டும், சோறு அளக்க வேண்டும், அம்மாவுக்கு இன்சுலின் ஊசி போட வேண்டும். பின்னேர நடைக்கு அவர் வருவதில்லை. நடைபாதையின் ஏற்ற இறக்கம் தெரிவதில்லை, விழுந்துவிடுவேன் என்கிறார். அதனால் அப்பாவைப் பற்றிய கதைகளும் நின்றுபோயின. பனங்கட்டியை நான் ஒளித்து வைத்தேன். அவர் மணத்தை வைத்தே கண்டுபிடித்தார். ஒருநாள் அலுமாரிக்கு முன்னால் நின்று, பெட்டிகளை ஒன்றொன்றாகத் தடவி மூடியைத் திறந்து மணந்துகொண்டிருந்தார். நான் பின்னால் நின்று பார்த்தேன். தடுக்கவும் முடியவில்லை, பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. நான் நிற்பது தெரிந்ததும் அழுதார். நானும் அழுதேன். பிறகு இருவரும் குரக்கன் புட்டைச் சாப்பிட்டோம். அதில் உப்பு இல்லை.

இவ்வளவையும் கண்ணால் பார்த்த பிறகு நான் திருந்தியிருப்பேன் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மாவுக்கு அளந்து போடுகிற கை, எனக்கு என்று வரும்போது அளக்க மறக்கும். அவரைப் படுக்க வைத்துவிட்டு, நாள் முழுக்க அடக்கி வைத்த எரிச்சலோடு பிஸ்கட் பெட்டியைத் திறப்பேன். ஒன்று என்று துவங்குவது ஒருநாளும் ஒன்றில் நின்றதில்லை. பயம் ஒருவரைத் திருத்தும் என்று சொல்கிறவர்கள் பயத்தோடு ஒரே வீட்டில் இருந்து பார்க்காதவர்கள். அது கொஞ்ச நாள் விரட்டும். பிறகு மேசை, கதிரை மாதிரி அதுவும் வீட்டில் ஒரு பொருளாகிவிடும்.

போன மாதம் என்னுடைய மூன்று மாதச் சீனி திரும்பவும் வந்தது. எல்லைக்கு வந்துவிட்டேன். இன்னும் நீரிழிவு இல்லை. ஆனால் இதுவரை இருந்த நல்ல பக்கமும் இல்லை. ஹோன் அடிக்கிற ஆள் களைக்கத் துவங்கிவிட்டான் என்று டொக்டர் சொல்லவில்லை, எனக்குத்தான் அப்படிக் கேட்டது. அவர் சொன்னது, "இன்னம் டைம் ஈக்கிது மகள்." எவ்வளவு டைம் என்று கேட்டேன். அதை ஒருவராலும் சொல்ல முடியாது என்றார்.

அம்மா வெளியே வாங்கில் காத்திருந்தார். நான் அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு காலி வீதிக்கு வந்தேன். பின்னேர நேரம், கடைகளுக்கெல்லாம் வெளிச்சம் போட்டிருந்தார்கள். எங்கள் ஒழுங்கை எதிர்ப்பக்கம். வீதியைக் கடக்கிற மஞ்சள் கோட்டடியில் நின்றோம்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். தாள் என் பையில் இருந்தது, அவரால் அதை வாசிக்க முடியாது. நல்லமாம் அம்மா என்றால் மூன்று மாதத்துக்கு நிம்மதியாக இருப்பார். சொல்ல வாயெடுத்தேன். வீதியைப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் ஒரு கடையின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூடிட்டுது அம்மா. போடரிலை நிக்குது" என்றேன்.

ஏசுவார் என்று நினைத்தேன். நாளைக்கே தெபு இலை வாங்குவோம், அப்படிச் செய்வோம், இப்படிச் செய்வோம் என்று துவங்குவார் என்று நினைத்தேன். வாகனங்கள் நின்றன. நான் கையைப் பிடிக்க, நடக்கத் துவங்கினார். நடு வீதியில் வந்ததும் நின்றுவிட்டார்.

"என்னை நீ பிடிச்சுக் கொண்டுபோறாய்" என்றார். "உன்ரை கண் போனால் உன்னை ஆர் பிடிக்கிறது?"

ஒரு பஸ் எங்களுக்காக உறுமிக்கொண்டு நின்றது. புருஷன் பிடிப்பான், பிள்ளை பிடிக்கும் என்று வாயில் வந்த எதையும் சொல்ல முடியவில்லை. இரண்டும் என் கையில் இல்லை. அதை அவரும் அறிவார்.

"தெரியேல்லை அம்மா" என்றேன்.

எந்தக் கேள்வி எங்கே வரும், அதற்கு எப்படித் தயாராவது என்று என் வாழ்நாள் முழுக்க எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். என் விரல்களை இறுக்கிப் பிடித்தார்.

"எனக்கும் தெரியேல்லைப் பிள்ளை" என்றார்.